எம்.எஸ்.டபிள்யூ. பட்டமும் கையெழுத்துக் களப்பணியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளங்கலைத் தேர்வு முடிவுகள் வெளியாகி, கல்லூரிகளில் முதுகலைச் சேர்க்கைக்கு விண்ணப்பங்கள் வழங்கப்படும் இந்நாட்களில், எம்.எஸ்.டபிள்யூ. என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் சமூகப்பணி முதுகலைப் படிப்பைப் பற்றிச் சில கருத்துகளைத் தங்கள் நாளிதழ் வாயிலாகப் பெற்றோரிடமும், பல்கலைக்கழக, பள்ளிக் கல்வித்துறை அதிகாரிகளிடமும் முன்வைக்க விரும்புகிறேன். பாளையங்கோட்டையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் பணியாற்றிய காலத்தில், திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களின் கல்லூரிகளிலிருந்து களப்பணிக்கு வந்த மாணவர்களுக்கு நிறுவன மேற்பார்வையாளராக இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு பள்ளி மாணவரும் அவருடைய தங்கையும் அதே பள்ளி மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின், ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் முதலமைச்சரிடம் அளிக்கப்பட்ட அந்த அறிக்கையில், மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைப் பற்றிய பரிந்துரைதான் ஊரெங்கும் பேசப்பட்டது. 500 மாணவர்களுக்கு மேல் பயிலும் பள்ளிகளில் பள்ளிநல அலுவலர் என்றொரு பணியிடத்தை உருவாக்கி, பகடிவதை, போதைப்பொருள், பாலியல் தொல்லை, சாதிப் பாகுபாடு ஆகியவற்றைக் கண்காணிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற பரிந்துரை அந்த இரைச்சலில் அமுங்கிப்போயிற்று. நம் மாவட்டத்தைப் பொறுத்தவரை அதுவே முதன்மையானது என்பது என் கருத்து. 500 தொழிலாளர்களும் அதற்கு மேலும் உள்ள ஆலையில் நல அலுவலர் இருந்தாக வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு 1948லேயே விதித்துவிட்டது. பள்ளிப் பிள்ளைக்கு அப்படி ஒருவர் வேண்டும் என்று சொல்ல 2024 வரை ஆகியிருக்கிறது.

அந்தப் பணியில் யாரை அமர்த்துவது என்பதே என் கேள்வி. ஏற்கெனவே வேலைப்பளுவில் இருக்கும் உடற்கல்வி ஆசிரியருக்குக் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்துவிட்டால் செலவு மிச்சம் என்று எண்ணுவோர் இருப்பார்கள். உளவியல் படித்தவர் போதும் என்போரும் உண்டு. உளவியலாளரின் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் பக்கத்துப் பள்ளிச் சண்டைகள் வகுப்பறையில் தொடங்குபவை அல்ல. பேருந்து நிறுத்தத்திலும், கபடி ஆட்டத்திலும், கோயில் கொடையின்போது வைக்கப்படும் பேனரிலும் தொடங்கி, திங்கட்கிழமை காலையில் வகுப்புக்குள் வந்து சேருகின்றன. அவற்றைத் தீர்க்க வேண்டியவர் பிள்ளையிடம் தனியாகப் பேசத் தெரிந்தவராகவும், பத்துப் பிள்ளைகளை ஒரு குழுவாக உட்காரவைத்துப் பழக்கத் தெரிந்தவராகவும், இரண்டு தெருவின் பெரியவர்களையும் சந்தித்து வரக்கூடியவராகவும் இருக்க வேண்டும். தனிநபர்ப் பணி, குழுப்பணி, சமுதாய அமைப்பாக்கம் ஆகிய இம்மூன்றையும் ஒருசேரக் கற்பிக்கும் படிப்பு, நான் அறிந்தவரை, சமூகப்பணி முதுகலை ஒன்றுதான்.

கற்பிக்கும் என்று எழுதினேன். கற்பிக்க வேண்டும் என்று திருத்தி வாசித்துக்கொள்வது நல்லது. இந்தப் படிப்பின் பாதி பாடநூலில் இல்லை. இந்தியாவில் இது தோன்றிய விதமே அப்படி. பம்பாயில் நாக்பாடா குடியிருப்புப் பகுதியில் ஏழை மக்களிடையே பணியாற்றிக்கொண்டிருந்த கிளிஃபோர்டு மான்ஷார்ட் என்ற அமெரிக்கரின் முயற்சியால் 1936இல் தொராப்ஜி டாட்டா பெயரில் தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனமாயிற்று. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கியபோதும், ஏற்கெனவே தொண்டில் இருந்தவர்களுக்கு முறையான பயிற்சி வேண்டும் என்ற தேவையே காரணமாக இருந்தது. நம் பகுதிக்கும் அந்தத் தொண்டு புதிதல்ல. ஏமி கார்மைக்கேல் டோனாவூரில் குழந்தைகளுக்கு அடைக்கலம் கொடுக்கத் தொடங்கியது 1901இல். பாளையங்கோட்டையில் காதுகேளாத பிள்ளைகளுக்கு ஃபுளோரன்ஸ் சுவெய்ன்சன் பள்ளி தொடங்கியது அதற்கும் முன்பே. கழுத்துக்குக் கீழ் செயலிழந்த நிலையிலும் எஸ். இராமகிருஷ்ணன் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவியது 1981இல். இத்தனை களங்கள் கைக்கெட்டும் தொலைவில் இருந்தும், நம் மாணவர்கள் பலர் அவற்றைப் பார்வையாளர் பதிவேட்டில் கையெழுத்திடுவதோடு முடித்துவிடுகிறார்கள்.

இரண்டு ஆண்டு, நான்கு பருவம் கொண்ட இப்படிப்பில் வழக்கமாக வாரத்துக்கு இரண்டு நாள் மாணவர் ஏதேனும் ஒரு நிறுவனத்திலோ மருத்துவமனையிலோ கிராமத்திலோ களப்பணி செய்ய வேண்டும். செய்ததை அன்றன்றே அறிக்கையாக எழுத வேண்டும். அதைக் கல்லூரி ஆசிரியர் படித்து, வாரந்தோறும் தனியாக அழைத்து விவாதிக்க வேண்டும். இவற்றோடு கிராம முகாமும், இறுதியில் ஏறத்தாழ ஒரு மாதத் தொடர் களப்பயிற்சியும், ஆய்வேடும் உண்டு. இவற்றுள் அறிக்கையும் அதன் மீதான விவாதமும்தான் ஒரு பட்டதாரியைச் சமூகப் பணியாளராக மாற்றும் இடம். அங்கே என்ன நிகழ்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் குடும்பங்களிடையே களப்பணிக்கு அனுப்பப்பட்ட ஒரு மாணவி, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு பெண்பிள்ளையின் வீட்டுக்குப் போய்வந்து, ‘பெற்றோரிடம் விழிப்புணர்வு இல்லை’ என்று தம் முதல் அறிக்கையில் எழுதியிருந்தார். எல்லா மாணவர்களின் முதல் அறிக்கையிலும் இந்த வாக்கியம் இருக்கும். படிவத்திலேயே அச்சடித்துக் கொடுத்துவிடலாம். விழிப்புணர்வை ஒருபுறம் வைத்துவிட்டு, அந்த வீட்டில் ஒரு நாளில் எத்தனை பீடி சுற்றுகிறார்கள், இலை வெட்டுவது யார், சுற்றுவது யார், இலையும் தூளும் தரும் பீடிக் கடையில் கொண்டுபோய்க் கொடுப்பது யார், அங்கே கணக்கு எழுதும் பாஸ்புத்தகம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டு வரும்படி சொன்னேன். அடுத்த வாரம் வந்த அறிக்கையில் அதே குடும்பம் வேறொரு குடும்பமாகத் தெரிந்தது. பாஸ்புத்தகம் தாயின் பெயரில் இருந்தது. அவருக்குக் கண்பார்வை மங்கிக் கைவேகம் குறைந்துவிட்டது. கடையில் வாங்கும் இலைக்கும் தூளுக்கும் ஈடான எண்ணிக்கையைக் கொடுக்க மகளின் கை தேவைப்பட்டது. எண்ணிக்கை குறைந்துகொண்டே போனால் பெயரை எடுத்துவிடுவார்கள், இத்தனை ஆண்டு சேர்ந்த வருங்கால வைப்பு நிதிக்குச் சிக்கல் வரும் என்ற அச்சம் அந்தத் தாய்க்கு. மகள் படிக்க வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

அதன்பின் வேலையின் திசையே மாறிற்று. பள்ளி முக்கியத்துவம் பற்றிய அறிவுரைக்குப் பதில், தாயை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போவது, காப்பீட்டு அட்டையையும் குடும்ப அட்டையையும் சரிபார்ப்பது, தொழிற்சங்கத்தாரைப் பார்ப்பது, பள்ளித் தலைமை ஆசிரியரிடம் பேசுவது என்று மாணவியின் நாட்குறிப்பு நிரம்பியது. தாய்க்குக் கண்புரை அறுவை நடந்தது. பிள்ளை பள்ளிக்குத் திரும்பவில்லை. ஆனால் தனித்தேர்வராக எழுதப் பெயர் கொடுத்தாள். இதைப் பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு குடும்பத்தின் மீது முத்திரை குத்தாமல், அதன் கணக்கைக் கேட்டறியும் பழக்கம் அந்த மாணவிக்கு வந்துவிட்டது. அதற்குக் காரணம் அவருடைய அறிக்கையை ஒருவர் படித்தார் என்பது மட்டுமே.

இன்று பல இடங்களில் அறிக்கையைப் படிக்க ஆள் இல்லை. ஒரே சிறு தொண்டு நிறுவனத்துக்குப் பத்துப் பதினைந்து மாணவர்களை அனுப்புவதும், அங்கே அவர்கள் கணினியில் விவரங்களை ஏற்றவும், விழிப்புணர்வுப் பேரணியில் பதாகை பிடிக்கவும் பயன்படுத்தப்படுவதும், பருவ இறுதியில் வருகைப் பதிவேட்டில் மொத்தமாக முத்திரையும் கையெழுத்தும் இடப்படுவதும் இத்துறையில் இருப்பவர்கள் எல்லோரும் அறிந்தவை. சுயநிதிப் பிரிவுகளில் குறைந்த ஊதியத்தில், வாரம் முழுதும் வகுப்பு எடுக்கும் ஆசிரியரிடம், கடையத்துக்கும் களக்காட்டுக்கும் போய் மாணவரைக் களத்தில் பார்த்து வா என்றால் பேருந்துக் கட்டணம் யார் கொடுப்பது? நிறுவனத் தரப்பில் மேற்பார்வை செய்பவருக்கும் இது சம்பளம் இல்லாத, பொழுதும் இல்லாத கூடுதல் வேலை. ஆகவே நான் மாணவர்களைக் குறை சொல்லவில்லை. வேறு எதிலும் இடம் கிடைக்காததால் வந்தேன் என்று முதல் நாளில் வெளிப்படையாகச் சொன்ன மாணவர்கள் பிறகு மிக நன்றாகப் பணியாற்றியதைப் பார்த்திருக்கிறேன். ஆய்வேட்டை ஜெராக்ஸ் கடையில் பழையதைப் பெயர் மாற்றி வாங்கிச் சமர்ப்பித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரு வகையினரும் ஒரே பட்டத்துடன் வெளியேறுகிறார்கள்.

வேலைவாய்ப்பைப் பற்றிப் பெற்றோர் கேட்பது நியாயமே. இப்படிப்பின் சிறப்புப் பிரிவுகளில் மனிதவளத்தை எடுப்பவர்கள் கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையையும் தூத்துக்குடி ஆலைகளையும் எண்ணி எடுக்கிறார்கள். அவர்களுக்கு ஏதேனும் ஒரு வழி திறந்திருக்கிறது. மருத்துவ, மனநலப் பிரிவு எடுப்பவர்களோ, மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன்படி ‘மனநல சமூகப் பணியாளர்’ என்று தங்களைச் சொல்லிக்கொள்ள முதுகலைக்குப் பின்னும் மேற்பார்வையுடன் கூடிய மருத்துவப் பயிற்சி கொண்ட இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். முடித்திருக்க வேண்டும் என்பதைச் சேரும்போதே அறிந்திருப்பது நல்லது. பலர் படித்து முடித்த பிறகே அறிகிறார்கள். சமுதாய மேம்பாடு, குடும்பம் மற்றும் குழந்தை நலம் ஆகிய பிரிவுகளில் படித்தவர்களின் நிலைதான் கவலைக்குரியது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் போன்ற இடங்களில் அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் தொகுப்பூதியத்தில், ஒப்பந்த அடிப்படையிலான வேலை.

சட்டமே இப்படிப்பைச் சில இடங்களில் மறந்துவிட்டது. சிறார் நீதிச் சட்டம், 2015இன்படி, குற்றச் செயலில் சிக்கிய சிறாரை விசாரிக்கும் ஒவ்வோர் இளைஞர் நீதிக் குழுமத்திலும் நடுவருடன் இரண்டு சமூகப் பணியாளர்கள் அமர வேண்டும். அவர்களில் ஒருவரேனும் பெண்ணாக இருக்க வேண்டும். அவர்களுக்கான தகுதியாக, குழந்தைகள் சார்ந்த நலப்பணியில் ஏழாண்டு ஈடுபாடு அல்லது குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் ஆகியவற்றில் பட்டம் பெற்றுத் தொழில் செய்பவர் என்று 4ஆம் பிரிவு வகுத்திருக்கிறது. சமூகப் பணியாளர் என்ற இருக்கைக்கு உரிய பட்டங்களின் வரிசையில் சமூகப்பணிப் பட்டம் இல்லை! அதே சட்டம் குழந்தைகள் நலக் குழுவுக்கு வகுத்த தகுதியில் அது இடம்பெற்றிருப்பதால், இதைக் கொள்கை என்று கொள்ளவும் முடியவில்லை. வழக்கறிஞருக்குப் பார் கவுன்சிலும், செவிலியருக்குச் செவிலியர் மன்றமும் இருப்பதுபோல எல்லாச் சமூகப் பணியாளர்களையும் பதிவு செய்து, பயிற்சியின் தரத்தைக் கேட்கும் தனி மன்றம் நம் நாட்டில் இல்லை. மருத்துவ, மனநல சமூகப் பணியாளர்களை மட்டும் 2021ஆம் ஆண்டின் துணைநிலை மருத்துவத் தொழிலர் சட்டம் தன் அட்டவணையில் சேர்த்துக்கொண்டது. மற்றவர்களைக் கேட்பார் இல்லை.

பள்ளிநல அலுவலர் பணியிடம் உருவாகும்போது இதே நிலை திரும்பக் கூடாது என்பதற்காகவே இக்கடிதம். அந்தப் பணிக்குச் சமூகப்பணி முதுகலையைத் தகுதியாக அரசாணையிலேயே குறிப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கு எதிராக, இன்றைய பட்டதாரிகளுக்கு இந்தப் பணியைச் செய்யும் பயிற்சி இருக்கிறதா என்று அரசு கேட்டால், அந்தக் கேள்வியில் தவறில்லை. அதற்கு விடை சொல்ல வேண்டியவை அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் அதன் இணைவுக் கல்லூரிகளும்தான். ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில் எத்தனை மாணவர்கள் இருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு விதிப்பதும், களத்துக்குப் போய்வரும் நேரத்தைக் கற்பித்தல் நேரமாகக் கணக்கிடுவதும், பயணப்படி வழங்குவதும் பல்கலைக்கழகத்தின் கைக்குள் இருப்பவை. பள்ளிக் கல்வித்துறை தன் பங்குக்கு, நாங்குநேரி, களக்காடு, திருவைகுண்டம் போன்ற பகுதிகளின் அரசுப் பள்ளிகளைக் களப்பணி மையங்களாக இப்போதே திறந்துவிடலாம். இரண்டாண்டுக் காலம் ஒரே பள்ளியில், ஒரே ஊரில் வாரம் இரண்டு நாள் பணியாற்றிய மாணவர், பிற்பாடு அந்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தகுதியைப் பற்றிய ஐயம் எழ இடமில்லை. ஆனால் பள்ளிகளுக்குள் அனுமதிக்கும் முன் மாணவர்களுக்குக் குழந்தைப் பாதுகாப்பு விதிகளில், குறிப்பாகப் போக்சோ சட்டத்தில், முறையான பயிற்சி தந்தாக வேண்டும். இதில் தளர்வு கூடாது.

பிள்ளைகளை இப்படிப்பில் சேர்க்க எண்ணும் பெற்றோர், கட்டண விவரத்தையும் விடுதி வசதியையும் கேட்பதோடு நின்றுவிடாமல், களப்பணி எந்தெந்த இடங்களில் நடக்கிறது, ஓர் ஆசிரியரிடம் எத்தனை மாணவர்கள் இருக்கிறார்கள், அறிக்கை வாரந்தோறும் விவாதிக்கப்படுகிறதா என்ற மூன்றையும் கல்லூரி அலுவலகத்தில் கேட்க வேண்டும். இந்த விவரங்களை விண்ணப்பப் படிவத்துடனேயே அச்சிட்டுக் கொடுப்பதற்கு எந்தக் கல்லூரிக்கும் தடை இருப்பதாகத் தெரியவில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற களப்பணி மேற்பார்வையாளர் ஒருவர்,
பாளையங்கோட்டை.