ஒரு வாளி தண்ணீர்

டிராய், மிச்சிகன்
செப்டம்பர் 14

அன்புள்ள கண்ணுக்கு,

வாங்குவதற்காக நீ பார்த்து வைத்திருக்கிற இரண்டு பழைய கார்களின் படமும் பார்த்தேன், ஃபோர்டின் 1966 மஸ்டாங், செவ்ரலேயின் 1967 கமாரோ. "66 மஸ்டாங்கா, 67 கமாரோவா, சீக்கிரம் சொல்லுங்கப்பா" என்று ஒரே ஒரு வரி. நாலு மாதத்தில் நீயாக அனுப்பிய முதல் வரி அதுதான். போனிலேயே பதில் சொல்லிவிடலாம் என்று மூன்று நாள் பார்த்தேன். நீ எடுப்பதில்லை. எடுத்தால் "மீட்டிங்ல இருக்கேன்ப்பா" என்கிறாய். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு என்ன மீட்டிங் என்று அம்மா கேட்டாள். இருக்கும், இப்போதெல்லாம் எந்த நேரமும் மீட்டிங்தான் என்று சொல்லி வைத்தேன்.

முதலில் துரு. எந்த வண்டியானாலும் முதலில் துருவைப் பார், அப்புறம் இன்ஜினைப் பார்க்கலாம். இன்ஜின் கெட்டால் கழற்றிச் சரி செய்துகொள்ளலாம். தகடு போனால் வண்டியே போன மாதிரி.

மஸ்டாங்குக்கு ஒரு வாளி தண்ணீர் வேண்டும். முன்கண்ணாடிக்குக் கீழே, பானெட் முடிகிற இடத்தில் வரிசையாகக் காற்றுத் துளைகள், உனக்கு ஞாபகம் இருக்கும். உள்ளே இலையும் தூசியும் சேர்ந்து ஈரம் பிடித்து, இத்தனை வருஷத்தில் அடித்தகடு அரித்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. விற்கிறவன் கார்ப்பெட்டைப் புதிதாக மாற்றியிருப்பான். நீ அதைத் தூக்கச் சொல். துளைகளுக்கு மேலே மெதுவாகத் தண்ணீரை ஊற்று. அப்புறம் கால் வைக்கிற இடத்தில் டார்ச் அடித்துப் பார். நல்ல வண்டியில் தண்ணீர் இரண்டு பக்கமும் ஃபெண்டருக்குள் இறங்கித் தரைக்குப் போய்விடும். இல்லையென்றால் உன் செருப்பு நனையும். அதைச் சரி செய்ய, தகடுகளைப் பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்திருக்கிற ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து மேல்தகட்டையே எடுக்கவேண்டும். நாம் சேர்ந்து சரி செய்த நம் பழைய 66 மஸ்டாங்கில் ஒரு முழுக் குளிர்காலம் அதிலேயே போயிற்று. தண்ணீரெல்லாம் ஊற்றக்கூடாது என்று அவன் சொன்னால், பேரம் பேசாதே, திரும்பி வந்துவிடு.

கமாரோவுக்குக் காந்தம் போதும். உன் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்குமே பிள்ளையார், அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போ. பின் சக்கரத்துக்கு மேல்பக்கம், பின்கண்ணாடிக்குக் கீழ் விளிம்பு, டிக்கியின் இரண்டு ஓரம். எங்கே காந்தம் ஒட்டவில்லையோ அங்கே பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருக்கிறான் என்று அர்த்தம். முன்பக்க சட்டம் தனியாக போல்ட் போட்டு மாட்டியது. நடுவில் இருக்கிற ரப்பர் புஷ் நைந்திருந்தால் கதவு இடைவெளி மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி இருக்கும். கதவை நாலு தடவை திறந்து மூடிப் பார்.

கமாரோக்காரன் அதை எஸ்எஸ் 350, அதாவது பெரிய இன்ஜின் போட்ட சூப்பர் ஸ்போர்ட் மாடல் என்று சொல்கிறானாம். பேட்ஜை நம்பாதே. அந்த வருஷ வண்டிக்கு ஆலையில் கொடுத்த அடையாள நம்பர் பொறித்த தகடு டிரைவர் பக்கம் கதவுக் கீல் இருக்கும் தூணில் இருக்கும். 12437 என்று ஆரம்பித்தால் வி8, அதாவது எட்டு சிலிண்டர், 12337 என்றால் ஆறு சிலிண்டர். அவ்வளவுதான் அது சொல்லும். எஸ்எஸ்ஸா இல்லையா என்று அந்த நம்பரில் ஒரு எழுத்தும் கிடையாது. ஆறு சிலிண்டர் வண்டியில் வி8-ஐ இறக்கி, பேட்ஜ் வாங்கி ஒட்டி விற்கிற ஆட்கள் நிறைய. அடுத்து 7N என்று வந்தால் உன் ஊர் வண்டி. நார்வுட், சின்சினாட்டி ஊருக்குள்ளேயே இருக்கிற இடம். 1987-ல் அந்த ஆலையை மூடினார்கள். மஸ்டாங்கின் நம்பரில் இரண்டாவது எழுத்து F என்றால் டியர்பார்ன், அது நம் ஊர்ப் பக்கம். ஆக நீ என்னிடம் கேட்டிருப்பது உன் ஊரா என் ஊரா என்று. வேண்டுமென்றே கேட்டாயா?

எந்த வண்டி பெரியது என்கிற சண்டை எனக்குப் பிடிக்காது, ஆனால் இந்தச் சண்டையின் கதை பிடிக்கும். 1964 ஏப்ரல் 17, நியூயார்க் உலகக் கண்காட்சி. 2,368 டாலருக்கு ஃபோர்டு ஒரு வண்டியைக் காட்டுகிறது. அடியில் இருப்பதெல்லாம் ஃபால்கன் என்கிற சாதாரணக் குடும்ப வண்டியின் சாமான். முதல் நாளே 22,000 ஆர்டர். எதிரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டரை வருஷம் கழித்து, 1966 செப்டம்பரில்தான் கமாரோவை இறக்கியது. கமாரோ என்றால் என்ன என்று நிருபர்கள் கேட்டதற்கு, மஸ்டாங்கைத் தின்கிற ஒரு சின்ன மூர்க்க மிருகம் என்று ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரலே பிரிவு ஆட்கள் சொன்னார்களாம். இந்த ஊர்க்காரர்கள் அதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். தின்ற மிருகத்தின் உற்பத்தி 2023 டிசம்பரில் லான்சிங் ஆலையில் நின்றுபோயிற்று. மஸ்டாங் இன்னும் வருகிறது.

இந்த ஆகஸ்ட் உட்வர்ட் ரோட்டில் நடந்த பழைய கார் ஊர்வலத்துக்கு நீ வரவில்லை. வழக்கமான இடத்தில் மூன்று நாற்காலி போட்டோம், பழக்கத்தில். நாலாவதும் எடுத்துப் போயிருந்தேன், விரிக்கவில்லை. தம்பி வந்திருந்தான், அவனுக்குப் புது வேலை, அவனே சொல்லியிருப்பான். ஒரு நீல நிற 66 போயிற்று. நம்முடையது இல்லை, சக்கரம் வேறு. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

அப்புறம் பிரேக். இதைக் கவனமாகப் படி. 66 மஸ்டாங்கில் பிரேக் எண்ணெய் ஓட ஒரே சுற்றுதான். எங்கேயாவது ஒரு குழாய் வெடித்தால் பெடல் தரையைத் தொடும், நாலு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. 67-லிருந்து இரண்டு சுற்று வந்துவிட்டது, கமாரோவில் அது இருக்கும். பெட்ரோல் டேங்கின் மேல்தகடுதான் மஸ்டாங்கின் டிக்கித் தரை, அதற்கும் உனக்கும் நடுவில் பின்சீட் மட்டும். பெல்ட் இடுப்போடு சரி. இந்த வண்டியில் நீ ஐ-75ல் லாரிகளுக்கு நடுவில் தனியாக வருவதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. தனியாக என்று ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. யாரோடு வந்தாலும் அப்படித்தான்.

கமாரோவுக்கு 295 குதிரைசக்தி, மஸ்டாங்குக்கு 200 என்று கணக்குப் போடாதே. அந்தக் காலத்தில் இன்ஜினைத் தனியாக ஸ்டாண்டில் வைத்து, சைலன்சர், ஆல்டர்னேட்டர் எதுவும் மாட்டாமல் அளந்த கணக்கு அது. 1972-லிருந்துதான் வண்டியில் இருக்கிறபடி அளந்த கணக்கை வெளியிட்டார்கள், எல்லா வண்டியும் திடீரென்று இளைத்துப் போயிற்று.

கராஜ் இருக்கிறதா? கேட்டேன், "ஓபன் பார்க்கிங்ப்பா" என்றாய். உங்கள் வீட்டில் இரண்டு வண்டி நிற்கிற கராஜ் இருந்ததே. இந்த வண்டிகள் மழையில் நிற்கக்கூடாது. ஒஹையோவிலும் பனிக்கு ரோட்டில் உப்புதான் போடுகிறார்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை வெளியே எடுக்கவே கூடாது. ஓபன் பார்க்கிங் என்றால் எந்த வண்டியும் வேண்டாம். கமாரோ படத்தைப் பெரிது பண்ணிப் பார்த்தேன், பம்பரில் துரு இருக்கிறதா என்று. குரோம் சுத்தமாக இருக்கிறது. நீ போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது அதில் வளைந்து தெரிகிறது. பின்னால் மூன்று மாடி, வெளிப்பக்கம் இரும்புப் படிக்கட்டு. மெலிந்திருக்கிறாய். குரோமில் அப்படித் தெரியும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

கேட்டதற்குப் பதில்: கமாரோ. பிரேக்குக்காக.

இதை எழுதிவிட்டு எழுந்து கராஜுக்குப் போனேன். டூல்பாக்ஸின் கீழ்த்தட்டில் உன் வெள்ளை நெயில் பாலிஷ் பாட்டில் இன்னும் இருக்கிறது, கல்லாகக் காய்ந்துபோய். கிராங்க் புல்லியில், பிளக் பொறி விடவேண்டிய நேரத்தைக் காட்டுகிற 6 டிகிரிக் கோட்டை நீ அதால்தானே வரைந்தாய், டைமிங் லைட் அடித்தால் பளிச்சென்று தெரியவேண்டும் என்று. 2007 மார்ச். உனக்குப் பதினைந்து. அதற்கு முந்தின வாரம் முழுக்க இன்ஜின் கார்புரேட்டர் வழியாகத் துப்பிக்கொண்டிருந்தது. 1-5-4-2-6-3-7-8, சிலிண்டர்களுக்குப் பொறி போகிற வரிசை, ஒயர்களை அந்த வரிசையில் சரியாகத்தான் மாட்டியிருந்தேன். நீ பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அப்பா, சாவியைக் கொஞ்சம் திருப்புங்க" என்றாய். உள்ளே சுற்றுகிற ரோட்டரைக் குனிந்து பார்த்தாய். "இது எதிர்ப்பக்கம் சுத்துதுப்பா." ஆமாம். செவ்ரலே கடிகாரம் சுற்றுகிற பக்கம் சுற்றும், ஃபோர்டு எதிர்ப்பக்கம். இருபது வருஷம் செவ்ரலே சாமானோடு வேலை பார்த்த கை, பழக்கத்தில் ஒயர்களை அந்தப் பக்கமாகவே மாட்டிவிட்டது. நீ ஒயர்களை மாற்றி மாட்டினாய், முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. அம்மா குக்கரை அணைக்காமல் ஓடி வந்தாள்.

நான்தான் கண்டுபிடித்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன் எதிரிலேயே சொன்னேன். நீ ஒன்றும் சொல்லவில்லை.

அது சின்ன விஷயம். இன்னொன்று இருக்கிறது.

வண்டியை விற்றது வேலை போனதால் இல்லை. என் வேலை போனது 2009 மே மாதம். வண்டியை விற்றது பிப்ரவரியில், நீ சின்சினாட்டிக்குக் காலேஜ் பார்க்கப் போன இரண்டு நாளில். தேதியை நீ என்றாவது கூட்டிப் பார்த்திருப்பாய், கெட்டிக்காரி. அந்த வருஷம் பொங்கல் விழாவில் ஒருவர், பெரிய மனிதர், உன் நகத்தில் இருந்த கிரீஸைப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு இதெல்லாம் பழக்கி விட்டீங்கன்னா நாளைக்கு யாருங்க கட்டுவாங்க" என்றார். நான் சிரித்தேன். பதில் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தும் உன்னிடம் சொல்லவில்லை. ஒரு மாதத்தில் ஆளைப் பிடித்து 6,500 டாலருக்குக் கொடுத்துவிட்டேன். நீ திரும்பி வந்து காலி இடத்தைப் பார்த்தபோது, "கம்பெனி நிலைமை சரியில்லை கண்ணு" என்றேன். ஊரே அப்போது அப்படித்தான் இருந்தது, யார் சொன்னாலும் நம்புவார்கள். நீ போய் எண்ணெய்க் கறை மேலே அட்டை விரித்து மூடினாய்.

அந்த வண்டி பாதி உன்னுடையது. உன்னைக் கேட்கவில்லை.

அதே பெரிய மனிதர்தான் பிற்பாடு நல்ல இடம் என்று ஒரு வரன் சொன்னார். அப்போதும் நான் சிரித்தேன். உன்னைக் கேட்டேன், ஆனால் பதிலை முடிவு செய்துவிட்டுத்தான் கேட்டேன். இதற்கு மேல் எழுதினால் அம்மா கோபித்துக்கொள்வாள். "அவளா சொல்லுவா, நோண்டாதீங்க" என்று உத்தரவு.

ஆகவே மேலே கமாரோ என்று எழுதியதை முழுதாக நம்பாதே. மஸ்டாங் வாங்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் பிரேக்கைச் சாக்காகப் பிடித்தேன். மஸ்டாங்கில் இரண்டு சுற்று மாஸ்டர் சிலிண்டர், அதாவது பிரேக் பம்பு, மாட்டுவது ஒரு நாள் வேலை, உனக்கு அரை நாள். சாமான் இரண்டு வண்டிக்கும் தாராளமாகக் கிடைக்கிறது. இன்ஜினில் கை வைக்கவும் ஃபோர்டுதான் சுலபம், டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம் இருக்கிறது. செவ்ரலேயில் பின்னால் சுவரோரம், உன் உயரத்துக்கு ஃபெண்டர் மேல் படுக்கவேண்டும். எதைப் பார்த்தால் உனக்குக் கை ஊறுகிறதோ அதை வாங்கு. ஆனால் தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்காதே.

இங்கே கராஜில் ஒரு பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. புல்வெட்டியை ஷெட்டுக்கு மாற்றிவிட்டேன். உன் ரூமில் அம்மா போட்டு வைத்திருந்த தையல் மெஷினையும் கீழே இறக்கியாயிற்று. இதெல்லாம் ரொம்ப நாளாகச் செய்யவேண்டும் என்று இருந்த வேலைதான்.

அம்மா பருப்புப்பொடி இடித்திருக்கிறாள். எப்போதும் கொடுக்கிற மாதிரி இரண்டு பாட்டிலா, ஒன்று போதுமா என்று கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலையில் கிளம்புகிறோம், நாலு மணி நேரம்தானே. விற்கிறவனிடம் மத்தியானம் வருவதாகச் சொல்லி வை. எந்த வீட்டுக்கு வரவேண்டும் என்று மட்டும் அட்ரஸ் அனுப்பு. வாளி நான் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா