மழலையரின் டிபன் பாக்ஸில் பள்ளிக்கும் பங்குண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

எல்.கே.ஜி., யு.கே.ஜி. குழந்தைகளின் டிபன் பாக்ஸில் பிஸ்கட்டும் நூடுல்ஸும் நிறைவதற்குப் பெற்றோரின் அலட்சியமே காரணம் என்பது நியாயமாகாது. அதிகாலையில் சமைத்து, குளிப்பாட்டி, வேனில் ஏற்றிவிட வேண்டிய வீட்டில், மிச்சமின்றித் திரும்பும் டப்பாவே தாய்க்கு ஆறுதலாகிவிடுகிறது. அங்கன்வாடிக் குழந்தைக்குச் சூடான சாதமும் முட்டையும் அங்கேயே கிடைக்கின்றன; தனியார் மழலையர் பள்ளிக் குழந்தைக்கோ வீட்டு டப்பாதான் எல்லாம்.

பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களை மாணவர்களுக்கு விற்பதை 2020-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை தடுக்கிறது. டப்பாவுக்குள் இருப்பதை எந்தச் சட்டமும் திருத்தாது, திருத்தவும் வேண்டாம்.

ஆகவே பள்ளிகள், இன்னின்னது கூடாது என்று டைரியில் எழுதுவதோடு நிற்காமல், எதைக் கொடுக்கலாம் என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் செய்தே காட்ட வேண்டும். முருங்கைக்கீரை அடையைப் பிஞ்சு விரல்கள் பிடிக்கும் அளவுக்குத் துண்டுகளாக்கி, உடன் பழுத்த கொய்யா வைத்தால், அதிலுள்ள வைட்டமின் சி கீரையின் இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். முழு வேர்க்கடலையும் முழுத் திராட்சையும் இந்த வயதில் தொண்டையில் சிக்கக்கூடியவை என்பதால், கடலையைப் பொடித்தும் திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கியுமே தர வேண்டும். இதைப் பல பெற்றோரிடம் யாரும் சொல்வதில்லை. எது மீந்தது, எதைக் குழந்தை விரும்பி உண்டது என்பதை ஆசிரியை அன்றன்றே தெரிவித்தால், மறுநாள் சமையலை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளப் பெற்றோருக்கு இயலும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை