18 வயது நிரம்பிய பெண் பக்தர்கள் குறித்து: சிங்கப்பூர் இந்துக் கோயில் நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்து அறக்கட்டளை வாரியத்தின் பொறுப்பில் உள்ள நான்கு கோயில்களானாலும், தனித்தனிக் குழுக்கள் நடத்தும் மற்றக் கோயில்களானாலும், அன்னதானத்திலும் பிள்ளைகளின் சமய வகுப்பிலும் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலிலும் இளம்பெண்களின் உழைப்பில்லாமல் ஓர் ஆண்டும் நகர்வதில்லை என்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். வாரயிறுதிகளில் தேவாரம் சொல்லிக்கொடுக்கும் தொண்டர்களில் நானும் ஒருத்தி. என்னிடம் படித்த மாணவிகளில் சிலர் பலதுறைத் தொழிற்கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போன பிறகும் என்னிடம் வந்து பேசுகிறார்கள். அவர்கள் சொன்னவற்றைக் கேட்டு, உங்கள் முன் ஒரே ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். 18 வயது நிரம்பிய ஒரு பெண்ணைப் பற்றி அவளுடைய குடும்பத்துக்குத் தகவல் கொடுப்பதையும், குடும்பத்தின் சார்பில் அவளை அழைத்துக் கண்டிப்பதையும் கோயில் நிறுத்த வேண்டும். அதை எழுத்து வடிவில் விதியாக்கவும் வேண்டும்.

இது எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைச் செய்பவர்களில் பெரும்பாலோர் தாம் எதையும் தவறாகச் செய்வதாக நினைப்பதில்லை. வெள்ளிக்கிழமை பஜனைக்கு ஒரு பெண் வரவில்லை. மூத்த தொண்டர் ஒருவர் அவளுடைய தந்தைக்கு, ‘தங்கச்சியை இன்று காணோமே, உடம்புக்கு முடியவில்லையா?’ என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறார். அன்பான விசாரிப்புதான். ஆனால் அவள் வீட்டில் கோயிலுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். மாலை நேரத்தில் தனியாக வெளியே போக அந்த வீட்டில் அனுமதி கிடைக்கும் ஒரே இடம் கோயில் என்பதால் வேறெதுவும் சொல்ல முடியாது. அந்த ஒரு வரிச் செய்திக்குப் பிறகு அவளுடைய கைப்பேசி சோதிக்கப்படுகிறது, அவள் இருக்கும் இடத்தைக் காட்டும் செயலி அதில் ஏற்றப்படுகிறது, பல்கலைக்கழக விடுதியில் தங்கும் பேச்சு அத்தோடு முடிந்துபோகிறது. விசாரித்தவருக்கு இவற்றில் எதுவும் தெரிய வராது.

அடுத்த கட்டம் இன்னும் கடுமையானது. ‘நீங்கள் சொன்னால் கேட்பாள்’ என்று பெற்றோர் குழு உறுப்பினர் ஒருவரிடம் முறையிடுகிறார்கள். அவள் கோயில் அலுவலகத்துக்கு அழைக்கப்படுகிறாள். அம்மா ஒரு பக்கம் அழுதுகொண்டிருக்க, பெரியவர்கள் எதிரே அமர்ந்து, பையன் யார், என்ன சாதி, என்ன மதம் என்று கேட்கிறார்கள். கடைசியில் மஞ்சள் கயிறோ திருநீறோ கொடுத்து, இத்தனை வாரம் ராகுகால விளக்குப் போடச் சொல்லி அனுப்புகிறார்கள். வரன்களை வேண்டாமென்று சொன்னவளுக்குத் தோஷம் என்கிறார்கள். எதிர்த்துப் பேசியவளுக்குச் செய்வினை என்று சந்தேகப்பட்டு அருள்வாக்குச் சொல்பவரிடம் கூட்டிப்போக ஆலோசனை சொல்கிறார்கள். படித்து, வேலை பார்த்து, மாதாமாதம் வீட்டுக்குப் பணமும் கொடுக்கும் ஒரு பெண் தன் கருத்தைச் சொன்னதற்குப் பேய் ஓட்ட நினைப்பதை நாம் எந்தப் பெயரிட்டு அழைத்தாலும், பக்தி என்று மட்டும் அழைக்க முடியாது.

இந்த முறை பலிப்பதற்குக் காரணம் அவளுக்கு நம்பிக்கை இருப்பதுதான். கோயிலை வெறும் சம்பிரதாயமாக நினைப்பவள் ‘சரி மாமா’ என்று தலையாட்டிவிட்டுப் போய் நினைத்ததைச் செய்வாள். அவளைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை. சிறு வயதிலிருந்து அம்மன் முன் நின்று எல்லாவற்றையும் சொல்லி அழுது வளர்ந்தவளுக்கு, அந்தச் சந்நிதிக்குப் பக்கத்து அறையிலிருந்து வரும் சொல் அம்மனின் சொல்லாகவே கேட்கிறது. அப்பாவின் கோபத்தை அவள் தாங்கிக்கொள்வாள். தெய்வக் குற்றம் என்ற பயத்தை அவளால் தாங்க முடியாது. அதனால்தான் பெற்றோர் உங்களிடம் வருகிறார்கள். உங்களில் பலர் இதை உணராமலே உங்கள் பதவியின் கனத்தை அவர்களுக்கு இரவல் கொடுத்துவிடுகிறீர்கள். பிறகு அந்தப் பெண் கோயிலுக்கு வருவதை நிறுத்தினால், இளையோருக்குச் சமயப் பற்று குறைந்துவிட்டது என்று ஆண்டுக் கூட்டத்தில் வருத்தப்படுகிறோம்.

மகன்களுக்கு இது நடப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். தைப்பூசத்துக்கு விரதமிருந்து காவடி எடுக்கும் இளைஞனின் பக்தி அவனுடைய சொந்த வேண்டுதல் என்று மதிக்கப்படுகிறது. மறு மாதமே அவன் விரதத்தை மறந்து நண்பர்களோடு விடிய விடியச் சுற்றினாலும், அவன் அப்பாவுக்கு யாரும் செய்தி அனுப்புவதில்லை. அதே வயதுப் பெண் பால்குடம் எடுத்தால் அது குடும்ப வளர்ப்பின் சான்றிதழ் ஆகிறது. ஆகவே அவள் தவறினாலும் குடும்ப மானம் தவறியதாக ஆகிறது. தீமிதியில் ஆண்கள் மட்டும் பூக்குழி இறங்குவது பற்றியோ, மாதவிலக்கு நாட்களில் கோயிலுக்கு வராதிருப்பது பற்றியோ நான் இங்கே வாதிட வரவில்லை; எனக்கு அவற்றில் கருத்து உண்டு, அது வேறு கடிதம். ஆனால் அந்த நாட்களைக் கடைப்பிடிப்பது அவளுடைய மனச்சாட்சியைச் சேர்ந்தது என்றால், ‘நீ ஏன் போன வாரம் வரவில்லை, இந்த வாரம் வரலாமா’ என்று தொண்டர்கள் குழுச் செய்தியில் நாள் கணக்குக் கேட்பதற்கு எந்த ஆகமமும் துணைக்கு வராது.

நாட்டின் சட்டம் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் தம் சமயத்தைப் பின்பற்றும் உரிமையை அளிக்கிறது. தம்முடையதல்லாத ஒரு சமயத்தின் போதனையிலோ சடங்கிலோ பங்கேற்கும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று கூறும் 16ஆம் பிரிவு, அந்த நோக்கத்துக்காக ஒருவரின் சமயத்தைப் பெற்றோர் அல்லது காப்பாளர் முடிவு செய்வதற்கு 18 வயதை எல்லையாக வைத்திருக்கிறது. பெண்களுக்கும் குடும்பத்தினருக்கும் பாதுகாப்புத் தரும் சட்டமான 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2025 ஜனவரி 2ஆம் தேதி நடப்புக்கு வந்தபோது, அடிப்பது மட்டுமன்றி மனரீதியாகத் துன்புறுத்துவதும் அடக்கி ஆள்வதும்கூடக் குடும்ப வன்முறையாகலாம் என்பது தெளிவாக்கப்பட்டது. குடும்ப வன்முறையைத் தடுக்க நீதிமன்றம் பிறப்பிக்கும் பாதுகாப்பு ஆணைக்குத் தாமே விண்ணப்பிக்கும் வயதும் 21லிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது. இவை போக, 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அறநிறுவனங்களுக்கும் பொருந்தும் என்பதையும், தொண்டூழியத்துக்குப் பதிவு செய்யும்போது அவள் கொடுத்த விவரங்கள் தந்தைக்கு வருகைப் பதிவேடு காட்டுவதற்காகக் கொடுக்கப்பட்டவை அல்ல என்பதையும் உங்கள் செயலாளர்கள் நினைவில் வைப்பது நல்லது.

‘வளர்ந்த பெண்தானே, பிடிக்கவில்லை என்றால் வீட்டை விட்டுப் போகலாமே’ என்று ஓர் உறுப்பினர் என்னிடம் கேட்டார். எங்கே போவது? மணமாகாத ஒருவர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டைத் தனியாக வாங்கப் பொதுவாக 35 வயதாக வேண்டும். வாடகை அறைக்குக் கொடுக்கும் தொகை, வேலையில் புதிதாகச் சேர்ந்தவளின் சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். 21 வயது நிரம்பும்வரை திருமணத்துக்கும் பெற்றோர் சம்மதம் தேவை. ஆகவே பள்ளி முடித்ததிலிருந்து முப்பதுகளின் நடுவரை, மணம் முடித்தாலன்றி, அவள் பெற்றோரின் கூரைக்குக் கீழேதான் இருந்தாக வேண்டும் என்பது பல குடும்பங்களில் நடைமுறை உண்மை. அப்படிப்பட்டவளுக்கு வீட்டுக்கு வெளியே மூச்சு விடக் கிடைத்த இடம் கோயில்தான் என்றால், அங்கேயும் அவளை வேவு பார்ப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று யோசியுங்கள்.

பெற்றோரின் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. போதைப்பொருள், பண மோசடி, ஏமாற்றுகிற ஆண்கள் எல்லாம் இங்கே உண்டு. மகளைப் பற்றித் தூங்காமல் கிடக்கும் தாயை வெறுங்கையோடு திருப்பி அனுப்பவும் முடியாது. அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் குடும்பச் சேவை நிலையம் இருக்கிறது, அங்கே பயிற்சி பெற்ற சமூக ஊழியர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் வழிகாட்டுங்கள். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விஷயமும் வேறு. அவர்கள் நம் பொறுப்பில் இருக்கும் நேரத்துக்குப் பெற்றோரிடம் நாம் கணக்குச் சொல்லியே ஆக வேண்டும். வளர்ந்த பெண் விஷயத்தில் கோயில் பஞ்சாயத்தாக உட்காருவதை மட்டும்தான் நான் மறுக்கிறேன்.

நான் கேட்கும் விதி அரைப் பக்கத்துக்கு மேல் வராது. 18 வயது நிரம்பிய தொண்டரின் வருகை, உடை, உடன் வந்தவர் குறித்து அவர் சம்மதமின்றி எவருக்கும் தகவல் தரப்படாது. குடும்ப விவகாரத்துக்காக எந்தப் பெண்ணும் கோயில் அலுவலகத்துக்கு அழைக்கப்பட மாட்டாள். தானாகவே பேச வரும் பெண்ணைப் பெற்றோர் இல்லாமல், குழுவில் முழு உரிமையுள்ள பெண் உறுப்பினர் ஒருவர் சந்திப்பார். அங்கே பேசியது, உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றாலொழிய, வெளியே போகாது. மகளிரணித் தலைவி என்ற பட்டத்தோடு கோலப் போட்டிக்கு மட்டும் பொறுப்பானவரை இங்கே நான் பெண் உறுப்பினர் என்று குறிப்பிடவில்லை. விதியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். வன்முறைக்கும் பாலியல் துன்புறுத்தலுக்கும் எதிரான தேசிய உதவித் தொலைபேசி எண் 1800-777-0000 என்பதைப் பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள். யார் கண்ணிலும் படாமல் அவள் அதைக் குறித்துக்கொள்ளக்கூடிய இடம் அதுதான்.

நான் ஆயுள் உறுப்பினராக உள்ள கோயிலின் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாக முன்மொழிய எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்திருக்கிறேன். மற்றக் கோயில்களின் உறுப்பினர்களும் தத்தம் கூட்டங்களில் இதைக் கொண்டுவரலாம். வரைவு வாசகம் வேண்டுவோருக்குத் தருகிறேன். தீர்மானத்தை ஏற்க முடியாது என்று ஒரு குழு கருதினால், அதற்கான காரணத்தைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தேவார வகுப்புத் தொண்டர் ஒருவர்,
சிங்கப்பூர்