கிரைஸ் ஃபியோர்டிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

கார்த்திகையில் நீங்கள் போட்ட கடிதம் போன கிழமைதான் கைக்கு வந்தது. காற்றுப் பலமென்றால் ரெசொலூட் என்கிற ஊரிலிருந்து வரும் சின்ன விமானம் இங்கே இறங்காது, தபாலும் அங்கேயே கிடக்கும். போனில் உங்களுக்குக் காது கேட்பதில்லை, இங்கே இணையமும் இழுபறி. அதனால் விரிவாகவே எழுதுகிறேன். வாணியை உரத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

"ரொறன்ரோவில் இல்லாத வேலையா, ஏன் உந்த ஐஸுக்குள் போய்க் கிடக்கிறாய்" என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பளம் கூட, இருக்க வீடும் தருகிறார்கள். வேறொன்றுமில்லை. பெரியண்ணை ஏதும் சொல்லியிருந்தால் அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

எல்ஸ்மியர் தீவின் தெற்குக் கரையில் இருக்கிறது இந்த ஊர். கனடாவில் இதற்கு வடக்கே குடும்பங்கள் வாழும் ஊர் கிடையாது, இராணுவ முகாமும் வானிலை நிலையமும்தான். 2021 கணக்கெடுப்பில் 144 பேர், அநேகமாக எல்லோரும் இனுயிட் எனப்படும் பூர்வகுடிச் சனம். என் வேலை நம்மூர்ச் சங்கக்கடை மனேச்சர் வேலை மாதிரித்தான். அரிசியும் விற்க வேண்டும், தோட்டாவும் விற்க வேண்டும். கப்பல் கோடை முடிவில் வருஷத்துக்கு ஒரு தடவை வரும். அதில் வராத சாமான் விமானத்தில் வர வேண்டும். அப்படி வரும் ஒரு கோவாவின் விலையைச் சொன்னால் உங்களுக்குத் தலை சுற்றும். தண்ணீரும் அப்படித்தான். பனியாறு உருகும் அந்தக் கொஞ்ச நாளுக்குள் பெரிய தாங்கிகளில் நிரப்பிவிட்டு, வருஷம் முழுக்கப் பவுசரில் வீடு வீடாகக் கொண்டுவந்து ஊற்றுவார்கள்.

குளிர் மைனஸ் 35. அது பழகிவிடும். சட்டைக்கு மேல் சட்டை போட்டால் சரி. இருட்டுத்தான் பழகாது. ஒக்டோபர் கடைசியில் போன சூரியன் இனி மாசியில்தான் முகம் காட்டும்.

பக்கத்து வீட்டில் ஒரு ஆச்சி இருக்கிறார். கதவைத் தட்டுகிற பழக்கமே இல்லை. நேரே உள்ளே வந்து, கதிரையை இழுத்துப் போட்டு, சீனி அள்ளிப்போட்ட தேத்தண்ணீர் குடித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் எழும்பிப் போவார். ஓம் என்றால் புருவம் உயரும், இல்லை என்றால் மூக்கு சுருங்கும். ஒரு நாள் உறைந்த சார் மீன் ஒன்றைக் கொண்டுவந்து, குசினித் தரையில் காட்போட் மட்டையை விரித்து, ஊலு என்கிற பிறை வடிவக் கத்தியால் சீவிச் சீவிப் பச்சையாகவே சாப்பிட்டார். எனக்கும் நீட்டினார். நான் நீங்கள் அனுப்பிய மிளகாய்த்தூளைத் தூவிச் சாப்பிட்டேன், நல்ல ருசி அம்மா. ஆச்சி அதில் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். மூக்கு சுருங்கியது. பிறகு இன்னொரு துண்டு எடுத்தார்.

அவர் பிறந்தது இங்கே இல்லை. 1953இல் அரசாங்கம் கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து இவர்களைக் கப்பலில் ஏற்றியிருக்கிறது. நல்ல வேட்டை இருக்கிறது, பிடிக்காவிட்டால் இரண்டு வருஷத்தில் திரும்பலாம் என்று சொல்லித்தான் ஏற்றினார்களாம். எல்லோரையும் ஒரே இடத்தில் விடப்போவதில்லை என்பது கப்பலில்தான் தெரிந்ததாம். சிலர் இந்தத் தீவுக்கு, சிலர் ரெசொலூட்டுக்கு. முதல் மாரி கூடாரத்துக்குள். இவ்வளவு நீண்ட இருட்டை அவர்கள் அதுவரை கண்டதே இல்லை. 2010இல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. இங்கே ஒரு கற்சிலை, பெண்ணும் பிள்ளையும் நாயும் ரெசொலூட் பக்கம் பார்த்தபடி. அங்கே ஒரு ஆண் இந்தப் பக்கம் பார்த்தபடி.

"உன்னை யார் இங்கே கொண்டுவந்தது?" என்று ஆச்சி கேட்டார். நானாக வந்தேன் என்றேன். மூக்கு சுருங்கியது. பிறகு 95 யாழ்ப்பாண இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் நின்றதையும், அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளியதையும் சொன்னேன். "திரும்பிப் போனீர்களா?" என்றார். போனோம், கூரைதான் இருக்கவில்லை என்றேன். அவருடைய ஆட்களில் சிலர் 1989இல் திரும்பிப் போனார்களாம். பிள்ளைகள் இங்கே என்பதால் ஆச்சி இருந்துவிட்டார்.

பொங்கலுக்கு லீவு எடுத்தேன். மின்சார அடுப்பில் பால் பொங்கி வழிய, புகை மணி அலறத் தொடங்கிவிட்டது. பொங்கலைப் படைக்கலாமென்றால் எந்தத் திசையில்? வெளியே நடுப்பகலிலும் சூரியன் இல்லாத மங்கல் இருட்டு. முற்றம் மெழுகிக் கோலம் போட்டு நீங்களும் வாணியும் நிற்பீர்கள், வெடிச் சத்தம் கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டே சட்டியைப் பிடித்தபடி கனநேரம் நின்றுவிட்டேன். பிறகு அதைச் சாப்பிட மனம் வரவில்லை. ஆச்சி வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். வாணியின் சம்பந்தம் பற்றி எழுதியிருந்தீர்கள். வாணி, இதையும் ஒளிக்காமல் வாசி. பெடியன் நல்லவன் என்று பெரியம்மாவும் எழுதியிருக்கிறா. ஆனால் கலியாணத்துக்கு முன்பே வீட்டை எழுதித் தா என்று அவசரப்படுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. கலியாணத்தன்றே சீதன உறுதி எழுதலாம் என்று சொல்லுங்கள். சம்மதமென்றால் பங்குனிக்குப் பிறகு நாள் வைக்கலாம்.

இந்த மாதம் காசு கொஞ்சம் குறைவாகத்தான் வரும். வங்கியில் ஏதோ சுணக்கம், அடுத்த மாதம் சேர்த்து அனுப்புவேன். அதற்காகச் சீட்டைக் கழிவுக்கு எடுத்துவிட வேண்டாம்.

கிழக்கு வேலி விஷயத்தில் சித்தப்பாவுடன் வாய் கொடுக்காதீர்கள். அளக்க ஆள் வந்தால் மணியண்ணையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்திருங்கள். காணி உறுதி பெரிய பெட்டிக்குள், உங்கள் கூறைச் சேலைக்குக் கீழே இருக்கிறது. கிணற்றுப் பங்கு அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. பிரக்கிராசியாரிடம் போட்டோக்கொப்பியை மட்டும் கொடுங்கள், அசலைக் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மகன்
சேகர்