தனி அறைக்கு எங்கே போவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு மருத்துவப் பக்கத்தில், வெளிநாடு போய் வந்தவருக்குத் தனி அறையும் தனிக் குளியலறையும் ஒதுக்கிவிட்டால் வீட்டில் மற்றவர்களுக்குக் கோவிட் தொற்றாது, நம் மக்களுக்குத்தான் அக்கறை போதாது என்று போட்டிருந்தீர்கள். ரொம்ப நன்றி. எங்கள் லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், இருப்பது ஒரே அறை, அதிலும் பாதியை அரிசி மூட்டையும் தையல் மெஷினும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. குளியலறை பின்னால், தகரக் கதவு, பக்கத்து வீட்டுக்கும் அதுதான். இதில் எது தனி என்று நீங்களே வந்து கோடு கிழித்துக் கொடுங்கள்.

என் மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. 2022-இல் எல்லை திறந்த பிறகு தீபாவளிக்கு வந்தான். வந்த அன்று நன்றாகத்தான் இருந்தான், அக்காள் பிள்ளைகளோடு கூடத்தில் பாய் விரித்துப் படுத்தான், மறுநாள் ராத்திரிதான் தொண்டை கரகரத்தது. அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே கோவிட் தொற்றும் என்று உங்களுக்குத் தெரியாததா? அப்புறம் அறையில் போட்டுப் பூட்டி என்ன பயன்? சன்னலை எல்லாம் திறந்து வைத்து, முகக்கவரி போட்டுக்கொண்டுதான் அவனுக்குச் சோறு வைத்தேன். அப்படியும் பிள்ளைகளுக்கு வந்தது, பிறகு எண்பதைத் தாண்டிய என் மாமியாருக்கும் வந்தது. அவருக்கு மூச்சு வாங்கியதும் பட்டணத்துக்குக் கார் தேடி ஓடினோம். தோட்டத்து ஆஸ்பத்திரி மூடிப் பல காலமாகிறது, மருந்து கொடுக்கும் டிரஸர் உட்கார்ந்த அறையில் இப்போது உர மூட்டை. அதைப் பற்றி முன்பே உங்களுக்கு எழுதினேன், போடவில்லை. டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதருக்கு மாலை போடும் படத்துக்கு மட்டும் எப்போதும் இடம் இருக்கிறது.

அக்கறை என்கிறீர்களே, 2020 பிப்ரவரியில் தொற்று கண்ட முதல் மலேசியர் சிங்கப்பூரில் ஒரு கூட்டத்துக்குப் போய் வந்தவர்தானே? அவருடைய தங்கைக்கும் மாமியாருக்கும் வந்ததே, அவர் என்ன லயத்திலா இருந்தார்? அதே வருடம் கெடாவில், தமிழ்நாட்டுச் சிவகங்கையிலிருந்து திரும்பிய ஒருவரிடமிருந்து பரவிய சிவகங்கா கிளஸ்டர் வந்தபோது, ஊருக்குப் போய் வந்தவர்களை மட்டுமல்ல, போகாத எங்களையும் கடையில் ஒரு மாதிரி பார்த்தார்கள். அப்போது உங்கள் பேனா எங்கே போயிற்று?

தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த வீடு என்ற பேச்சைத் துன் ரசாக் பிரதமராக இருந்த எழுபதுகளிலிருந்து கேட்கிறோம். தொழிலாளர் குடியிருப்புக்கென்று 1990-இலேயே 446-ஆவது சட்டமும் வந்துவிட்டது. எங்கள் கூரை ஒழுகிக்கொண்டேதான் இருக்கிறது. சரி, அதையெல்லாம் உங்களிடம் கேட்டு என்ன ஆகப் போகிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். ஒரே அறை வீட்டில் நோயாளியை எங்கே படுக்க வைப்பது, கிழவர்களை எங்கே ஒதுக்குவது என்று ஒரு டாக்டரிடம் கேட்டு அடுத்த ஞாயிறு நாலு வரி போடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், என் மாமியார் கண்ணாடி இல்லாமல் படிப்பவர்.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகி,
லாபிஸ், ஜொகூர்