கசட்டை முதலில் காயவைப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையின் பாதாளச் சாக்கடை நீர் அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் சுத்திகரிக்கப்படுகிறது. சுத்திகரித்த நீரைப் பற்றிப் பேசும் நாம், அடியில் தங்கும் கசட்டை மறந்துவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் ஊருக்கு வெளியே யாரோ டிராக்டரில் கொண்டுவந்து கொட்டியிருந்த கசடு, சித்திரை வெயிலில் கண்மாய்த் தரை போலப் பாளம் பாளமாக வெடித்து, அந்த வெடிப்புகளில் யாரும் விதைக்காத தக்காளிச் செடிகள் முளைத்து நின்றதைப் பார்த்தேன். மனிதக் குடலைக் கடந்து வந்த விதையே பிழைக்கும்போது, குடற்புழு முட்டைகளும் அதில் பிழைத்திருக்கும் என்ற அச்சம் எனக்கு இன்றும் உண்டு.

இந்தக் கசட்டை எரிவாயுவாக மாற்ற முடியும். உலர்ந்த கசட்டைக் குறைந்த அளவு காற்றுடன் 700 முதல் 900 டிகிரி வரை சூடாக்கினால், அது முழுதாக எரிந்துபோகாமல் ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, சிறிது மீத்தேன் கலந்த வாயுவாக மாறும். அந்த வாயுவோடு வரும் பிசுபிசுப்பான தாரையும் கந்தக வாயுக்களையும் நீக்கிவிட்டால் அதைக் கொண்டு இன்ஜினை ஓட்டி மின்சாரம் எடுக்கலாம். ஜப்பானில் டோக்கியோவின் கியோசே நிலையத்தில் 2010 முதல் கசடு இவ்வாறு வாயுவாக்கப்பட்டது. சாண எரிவாயுக் கலன் போன்ற முறையில் மீத்தேன் எடுத்த பின்னும் கசடு மிஞ்சுகிறது என்பதால், இப்படிச் சூடாக்கி வாயுவாக்கும் முறையின் தேவை குறைவதில்லை.

சிக்கல் ஈரத்தில்தான் இருக்கிறது. இயந்திரத்தில் பிழிந்த பின்னும் ஒரு டன் கசட்டில் ஏறக்குறைய 800 கிலோ தண்ணீர்தான். மீதமுள்ள 200 கிலோ தரும் வெப்பத்தில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதற்கே போய்விடும். விறகோ டீசலோ எரித்துக் காயவைப்பது வீண் செலவு. மதுரை வெயில் இந்த வேலையை இலவசமாகச் செய்யும் என்பதை, வற்றலும் வடகமும் போடும் நம் வீட்டுப் பெண்களிடம் கேட்டாலே தெரியும்.

ஆகவே மாநகராட்சி பெரிய இயந்திரத்துக்கு ஒப்பந்தம் கோருவதற்கு முன், ஒளி புகும் கூரை போட்ட உலர்களங்களை அமைத்து, ஐப்பசி, கார்த்திகை மழையிலும் கசடு எத்தனை நாளில் காய்கிறது என்று ஓராண்டு பதிவு செய்ய வேண்டும். கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு என்பதால், கசிவை உணரும் கருவியும் பயிற்சி பெற்ற பணியாளர்களும் இல்லாமல் கசட்டை வாயுவாக்கும் கலனை மூட்டவே கூடாது. மிஞ்சும் சாம்பலில் பாஸ்பரஸோடு கன உலோகங்களும் சேர்ந்திருக்கும். ஆய்வு முடிவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்காமல் ஒரு பிடி சாம்பலையும் வயலுக்கு அனுப்ப வேண்டாம் என்று ஒரு விவசாயியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
திருப்பரங்குன்றம் வட்டம், மதுரை.