முதல் பேசும்படங்களோடு ஓர் ஆண்டு: திரைப்படச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், துணைத் தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவானபடி இந்த ஆண்டுத் திரையிடல்களை ஹாலிவுட்டின் முதல் பேசும்படங்களுக்கு ஒதுக்கினோம். 1929-இல் வெளியான படங்களின் பதிப்புரிமை அமெரிக்காவில் 2025 ஜனவரி 1 அன்று முடிந்தது. அதைச் சாக்காக வைத்து இந்தத் தலைப்பை முன்மொழிந்தவன் நான்தான். எதிர்ப்பும் இருந்தது. “மைக்குக்கு முன்னால் நின்று பாடம் ஒப்பிக்கிற படங்களை எதற்கய்யா பார்க்க வேண்டும்?” என்று துணைத் தலைவர் கேட்டார். அன்று என்னிடம் சரியான பதில் இல்லை. இந்த அறிக்கையில் பாதி அவருக்கான பதில்தான். வரவு செலவு பின்னால் வருகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டைத் தொடங்கியது ‘தி ஜாஸ் சிங்கர்’. 1927 அக்டோபர் 6 அன்று நியூயார்க்கில் வெளியான படம். முதல் பேசும்படம் என்று கேள்விப்பட்டு, முழுக்கப் பேசும் என நினைத்து வந்தவர்கள் ஏமாந்துபோனார்கள். முக்கால்வாசி அது மௌனப்படம். எழுத்து அட்டைகள் வந்துகொண்டே இருக்கும், பாட்டு வரும்போதுதான் குரல். கதாநாயகன் ஆல் ஜால்சன் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவராக வேஷம் கட்டும் இடங்கள் இன்று பார்க்கவே கூசுகின்றன. அவற்றை வெட்டிவிட்டுக் காட்டலாமா என்று செயற்குழுவில் பேச்சு எழுந்தது. வெட்டுவதில்லை, படம் தொடங்கும் முன்பே விஷயத்தைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தோம். படமாகப் பார்த்தால் எனக்கு அது சுமார்தான். ஆனால் ஒரு காட்சி இருக்கிறது. மகன் பியானோவில் உட்கார்ந்து அம்மாவுக்காகப் பாடுகிறான். நடுவில் பாட்டை விட்டுவிட்டு, புது உடுப்பு வாங்கித் தருகிறேன், வேறு வீட்டுக்குப் போய்விடலாம் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசுகிறான். அம்மாவுக்கு வெட்கமும் சிரிப்புமாக முனகத்தான் முடிகிறது. மறுபடியும் பாட ஆரம்பிக்கும்போது அப்பா உள்ளே வருகிறார். “நிறுத்து!” என்கிறார். அந்த ஒரு சொல்லோடு குரல் நின்றுபோகிறது. இசைகூட இல்லை. படம் திரும்பவும் ஊமையாகிறது. நம் மண்டபத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர் “ஸ்பீக்கர் போயிடுச்சா?” என்று கேட்டார். ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருந்தது. அப்பா சொன்னதும் படமே அடங்கிவிட்டது, அவ்வளவுதான்.

ரேடியோ பழுதுபார்க்கும் நம் உறுப்பினர் அன்று அந்தப் படத்துக்குக் குரல் கொடுத்த வைட்டாஃபோன் ஒலி முறையை விளக்கியது பலருக்குப் பிடித்திருந்தது. ஒலி படச்சுருளில் கிடையாது, தனியாக 16 அங்குல இசைத்தட்டில் இருந்தது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஒரு சுருளுக்கு ஒரு தட்டு, சுமார் 11 நிமிடம். ஊசி உள்பக்கம் தொடங்கி வெளிப்பக்கம் நகரும். சுருள் அறுந்துபோனால் சும்மா ஒட்டிவிட முடியாது. போன படக்கட்டங்களுக்கு (ஃப்ரேம்) ஈடாக அதே எண்ணிக்கையில் வெற்றுக் கட்டங்களைச் சேர்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் உதடு ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமுமாகப் போய்விடும். “டப்பிங் படம் மாதிரின்னு சொல்லுங்க” என்று யாரோ சொன்னதும் கூட்டம் கலகலத்தது.

அடுத்து 1928-இல் வந்த ‘லைட்ஸ் ஆஃப் நியூயார்க்’. முழு நீளமும் பேசிய முதல் படம் இதுதான், ஒரு மணி நேரம்கூட ஓடாது. துணைத் தலைவர் சொன்னது இந்தப் படத்துக்கு அச்சாகப் பொருந்தும். ரவுடிகள் தொலைபேசி இருக்கும் மேஜையைச் சுற்றி நின்றுகொண்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுகிறார்கள். மைக் அந்தத் தொலைபேசியில்தான் ஒளிந்திருந்தது என்று சொல்வார்கள். பார்த்தால் நம்பாமல் இருக்க முடியவில்லை. அந்த மாதம் இடைவேளையில் போண்டாவுக்குக் கிடைத்த பாராட்டு படத்துக்குக் கிடைக்கவில்லை.

அந்த விறைப்புக்குக் காரணம் இருந்தது. கேமரா ஓடும் சத்தத்தையும் மைக் பிடித்துவிடும் என்பதால் கேமராவையும் ஆளையும் சேர்த்து ஒலி புகாத ஒரு கூண்டுக்குள் அடைத்தார்கள். இரைச்சல் போட்ட ஆர்க் விளக்குகளுக்குப் பதிலாக டங்ஸ்டன் பல்புகள் வந்தன. மைக்கை விட்டு நடிகர்கள் நகர முடியாது. அது வரைக்கும் ஓடியாடிய சினிமா 1928-இல் கைகட்டி நின்றுவிட்டது. நின்றதைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது, அது எவ்வளவு சீக்கிரம் மறுபடி நடக்கத் தொடங்கியது என்பது. குரல் வருகிற வாயையே கேமரா பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்று சிலருக்கு உறைத்த அன்றே அது நடக்கத் தொடங்கிவிட்டது.

உதாரணத்துக்கு ‘தி பிராட்வே மெலடி’, 1929. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய முதல் பேசும்படம். கதை சாதாரணம், அக்கா தங்கை சண்டையும் இழுவை. ஆனால் அதில் ஒரு நடனக் காட்சி திருப்தியாக இல்லை என்று திரும்ப எடுக்கச் சொன்னார்கள். பாட்டுப் பதிவு நன்றாகத்தானே இருக்கிறது, அதையே ஒலிபெருக்கியில் ஓடவிட்டு ஆடச் சொல்லலாமே என்று யோசனை சொன்னவர் ஒலிப்பதிவுத் துறையின் டக்ளஸ் ஷியரர். வாத்தியக் குழுவை மறுபடி வரவழைக்கும் செலவு மிச்சம், ஆடுபவர்களுக்கு மைக்கைப் பற்றிய கவலையும் போயிற்று. பாட்டை ஓடவிட்டுக் கதாநாயகனை ஆடவைக்கும் படப்பிடிப்பை நம் ஊரில் வேடிக்கை பார்த்தவர்களுக்கு இது புரியும்.

சரி, இந்த ஆண்டின் சிறந்த படம் எது என்று கேட்டால், என் வரைக்கும் ‘அப்ளாஸ்’. அதே 1929, நியூயார்க் அஸ்டோரியா ஸ்டுடியோவில் எடுத்தது. நாடக மேடையிலிருந்து வந்த ரூபன் மமூலியனுக்கு முதல் படம். வயதாகிக்கொண்டிருக்கும் ஒரு மட்டரக மேடை ஆட்டக்காரியாக ஹெலன் மார்கன் நடிக்கிறார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கான்வென்ட்டில் வளர்ந்த மகள் திரும்பி வந்து அம்மாவோடு தங்கும் முதல் இரவு. தூக்கம் வராத மகளுக்கு அம்மா தாலாட்டு மாதிரி ஒரு பாட்டு பாடுகிறாள். மகள் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுவென்று ஜெபம் சொல்கிறாள். பாட்டும் ஜெபமும் ஒரே நேரத்தில் கேட்கின்றன. பாட்டைப் பிடித்தால் ஜெபம் கேட்காது, ஜெபத்தைப் பிடித்தால் பாட்டு காதைக் கிழிக்கும், முடியாது என்று ஒலிப்பதிவுக்காரர்கள் கையை விரித்தார்களாம். இரண்டு மைக் வையுங்கள், தனித்தனியாகப் பதிந்து பிறகு கலந்துகொள்ளலாம் என்றார் மமூலியன். கேமராக் கூண்டையும் சக்கரத்தில் வைத்துத் தள்ளவைத்தார். இன்று இது பெரிய விஷயமில்லை. ஆனால் அந்த இரண்டு குரலும் சேர்ந்து வந்தபோது நம் மண்டபத்தில் விசிறிச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. துணைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததை நான் பார்த்தேன். தூசி என்று சொன்னார்.

லூபிட்ச் இயக்கிய ‘தி லவ் பரேட்’ வந்த அன்று மழை, கூட்டம் குறைவு. வராதவர்களுக்கு நஷ்டம். ராணியின் இராவுணவுக் காட்சியை மந்திரிகளும் தோழிகளும் வேலைக்காரர்களும் தூரத்திலிருந்து எட்டிப்பார்த்து வர்ணிக்கிறார்கள். காதலர்கள் பேசுவதைக் கேட்கவிடாமலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார் மனுஷர்.

‘டிராகுலா’ திரையிடலில் நடந்த குளறுபடிக்கு வருத்தம் தெரிவிக்கிறேன். 1931-இல் வந்த அந்தப் படத்தில் தொடக்க எழுத்துகளோடு வரும் இசை முடிந்த பிறகு பின்னணி இசை என்று அநேகமாக எதுவும் கிடையாது. கோட்டை, சிலந்தி வலை, படிக்கட்டு, எல்லாமே நிசப்தம். வாடகைக்கு வந்த ஒலிபெருக்கித் தம்பி ஏதோ கோளாறு என்று நினைத்து வால்யூமைத் திருகிக்கொண்டே போயிருக்கிறார். ஓநாய்கள் ஊளையிட்டபோது முன்வரிசைக் குழந்தைகள் அலறிவிட்டார்கள். வெளியே தெருநாய்கள் பதில் ஊளை கொடுத்தன. மறுமாதம் இதே படத்தின் ஸ்பானிஷ் வடிவத்தையும் காட்டினோம். அப்போது டப்பிங் வசதி சரிவர இல்லாததால், பகலில் ஆங்கிலக் குழு எடுத்து முடித்த அதே செட்டில் இரவில் வேறு நடிகர்களை வைத்து ஸ்பானிஷில் எடுத்தார்கள். ஸ்பானிஷ் படத்தில் கேமரா இன்னும் தாராளமாக நகர்கிறது. ஆனால் ஆங்கிலப் படத்தின் நாயகன் பேலா லுகோசி இல்லாத டிராகுலா எனக்கு உப்பில்லாத சாம்பார்.

ஒரு திருத்தம். மௌனப்படக் காதல் மன்னன் ஜான் கில்பர்ட்டின் கீச்சுக்குரலைக் கேட்டு ரசிகர்கள் சிரித்துவிட்டார்கள், அதோடு அவர் கதை முடிந்தது என்று போன ஆண்டுச் சுற்றறிக்கையில் எழுதியவன் நான். படித்ததை அப்படியே எழுதிவிட்டேன். இந்த ஆண்டு, அவரே கதை எழுதி நடித்த 1932-ஆம் ஆண்டின் ‘டவுன்ஸ்டேர்ஸ்’ பார்த்தோம். குரலில் ஒரு குறையும் இல்லை. அயோக்கியனான கார் ஓட்டுநராக அமர்க்களப்படுத்துகிறார். 1929-இல் ரசிகர்கள் சிரித்தது, மௌனப்படத்தில் கண்ணால் சொன்ன காதலை வாயால் திரும்பத் திரும்பச் சொல்லவைத்த வசனத்தைப் பார்த்துத்தான் என்று இப்போது நினைக்கிறேன். எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆண்டை முடித்தது ‘சிட்டி லைட்ஸ்’. 1931 ஜனவரியில் வந்தது. ஊரே பேசிக்கொண்டிருந்தபோது சாப்ளின் பேச மறுத்து எடுத்த படம். சிலை திறப்பு விழாவில் பிரமுகர்களின் சொற்பொழிவு வெறும் ‘க்வாக் க்வாக்’ சத்தமாக வரும்போது, சிரிப்பில் சிறுவர்கள் நாற்காலியிலிருந்து விழுந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 31-இல் ‘காளிதாஸ்’ மூலம் தமிழ்ப்படம் பேசத் தொடங்கியது. அதன் பிரதி இன்று இல்லை. 1929-இன் நியூயார்க் தாலாட்டு நமக்குக் கேட்கிறது, ‘காளிதாஸ்’ கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி அந்தப் படத்தில் பாடியதைக் கேட்க வழியில்லை. அன்று கலந்துரையாடல் அந்தப் பேச்சோடே முடிந்துவிட்டது.

மற்ற விவரங்கள். உறுப்பினர்கள் 46 பேர், அதில் 9 பேர் சந்தா பாக்கி. பெயர்களை வாசிக்கப் போவதில்லை, அவர்களுக்கே தெரியும். மண்டப வாடகை ஏறியும் கையிருப்பு குறையாமல் பார்த்துக்கொண்ட பொருளாளருக்கு நன்றி. தணிக்கையான கணக்கு உங்கள் கையில் இருக்கிறது. மறைந்த மூத்த உறுப்பினருக்குக் கூட்டத்தின் தொடக்கத்தில் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம். அவர் தந்துபோன பழைய சினிமாப் பத்திரிகைகளை நூலகத்தில் அடுக்கியாயிற்று. அட்டை போட இரண்டு பேர் தேவை.

1930-ஆம் ஆண்டுப் படங்களுக்கும் அமெரிக்கப் பதிப்புரிமை இந்த ஜனவரியோடு முடிந்துவிட்டது. எனவே மௌனப்பட நட்சத்திரம் கிரேட்டா கார்போ முதன்முதலாகப் பேசிய ‘அன்னா கிறிஸ்டி’, ‘ஆல் க்வயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்’ இரண்டும் அடுத்த ஆண்டுப் பட்டியலில் இருக்கின்றன. வேறு யோசனை இருந்தால் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடவும்.

கடைசியாக நூலகம் சார்பில் ஒரு நினைவூட்டல். ‘அப்ளாஸ்’ வட்டை ஒரு வாரத்துக்கென்று துணைத் தலைவர் இரவல் வாங்கிப்போய் மூன்று மாதம் ஆகிறது. நான்கு பேர் காத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
செயலாளர்